வீடுகள் மட்டுமே உள்ள தெரு

ஒரு சத்தம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். இடி மாதிரி இல்லை. இடிக்கு முன்னறிவிப்பு உண்டு. வானம் கறுக்கும், காற்று மாறும், ஆடு கத்தும். இது நல்ல வெயிலில், யாரோ பூமிக்கு அடியிலிருந்து ஒரே ஒரு முறை கதவைத் தட்டியது மாதிரி இருந்தது. அலமாரியில் இருந்த பித்தளைத் தம்ளர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. பிறகு ஒன்றுமில்லை. காக்கைகூடக் கரையவில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் இன்னும் என் காதில் இருக்கிறது.

கல்லூரியில் படிக்கிற காலம், விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். சிவகாசிப் பக்கம் எங்கள் ஊர். கண்மாய்க்கு அந்தக் கரையில் பட்டாசுக்கு மருந்து கலக்கும் கொட்டகை இருந்தது. என் பெரியம்மா மகள் தமயந்தி அங்கே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதற்குமேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. என்னைப் பார்க்க விடவில்லை. சத்தம் மட்டும்தான் எனக்கு மிச்சம்.

உட்காருங்கள், ஏன் நிற்கிறீர்கள். சாவி என்னிடம்தான் இருக்கிறது, வெயில் தாழட்டும், போய்ப் பார்க்கலாம். அடுத்த வீடுதானே. நல்ல வீடு. காற்றோட்டம் உண்டு. தண்ணீருக்குக் கஷ்டமில்லை. பின்னால் ஒரு கொட்டகை இருக்கும், தகரம் போட்டது. அதில் ஸ்கூட்டரை விட்டுக்கொள்ளலாம். மோர் எடுத்துக்கொள்ளுங்கள், உப்பு குறைவாகத்தான் போட்டிருக்கிறேன்.

சொந்த வீட்டை விட்டுவிட்டு அந்த வீட்டுக்கார அம்மா ஏன் வாடகை வீட்டில் போய் இருக்கிறார் என்று கேட்டீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். ஆளுக்கொரு மாதிரி சொல்லவும் சொல்கிறார்கள். அதனால்தான் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அவள் பெயர் நாச்சம்மாள். இட்லி மாவு ஆட்டி விற்றாள். அந்தத் தகரக் கொட்டகையில்தான் அவள் கிரைண்டர்கள் ஓடின. வீட்டில் ஆடுகிற சின்னது இல்லை, ஓட்டலுக்குப் போடுகிற பெரிய கிரைண்டர்கள். அவள் கணவர் ஆறுச்சாமி பக்கவாதம் வந்து படுத்தவர், ஒரு பக்கம் முழுக்கப் போய்விட்டது. எழ முடியாது. புரண்டு படுக்கவே ஆள் வேண்டும். அதனால் வெளியே போய் அவள் எந்த வேலையும் பார்க்க முடியாது. அவர் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் அவள் சம்பாதிக்க வேண்டும். கொட்டகைக்கும் அவர் கட்டிலுக்கும் நடுவே ஒரு ஜன்னல். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. அவள்மேல் எனக்கு அப்போதும் குறையில்லை, இப்போதும் இல்லை.

பின்னால் ஒரு காலி இடம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள், கருவேல மரம் நிற்கிற இடம். இரண்டு வருடத்துக்கு முன் பொங்கல் நோம்பி முடிந்ததும் அங்கே ஒரு பலகை நட்டார்கள். பேட்டரி ஆராய்ச்சி நிலையம் வரப்போகிறதாம். மின்சார ஸ்கூட்டரில் போடுகிறார்களே, அந்த பேட்டரி. அதைச் சோதித்துப் பார்க்கிற இடம்.

அதை ஆரம்பிக்கிற பையன் மரியாதைக்கு என் வீட்டுக்கே வந்தான். நிவேதன் என்று பெயர். நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலியில்தான் உட்கார்ந்தான். காபி கொடுத்தேன். என்ன சோதனை செய்வீர்கள் என்று கேட்டேன்.

“சூடு பண்ணுவோம் மேடம். நசுக்குவோம். ஆணி ஏத்துவோம்.”

“ஆணி ஏற்றினால்?”

“சிலது தாங்கும். சிலது தீப்பிடிக்கும். அதைத் தெரிஞ்சுக்கத்தான் ஏத்தறோம். இரும்பு அறைக்குள்ள, சென்சார் எல்லாம் வெச்சு. எங்க ரூம்ல எரியட்டும் மேடம், யாரோ ஒருத்தர் ஸ்கூட்டர்ல குழந்தையை உக்கார வெச்சுப் போறப்ப எரிய வேண்டாம்.”

நல்ல பேச்சு. வகுப்பில் இப்படி ஒரு மாணவன் இருந்தால் மகிழ்ந்திருப்பேன். நான் பெண்கள் கல்லூரியில் புவியியல் நடத்தியவள், ஆனாலும் சொல்கிறேன். சரி, வெடிக்குமா என்று கேட்டேன். அவன் பொய் சொல்லவில்லை. “சின்னதா ஒரு சத்தம் வரலாம், வெளிய கேக்காது” என்றான்.

சின்னதாக ஒரு சத்தம். அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். என் கையில் இருந்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. பகலில் சும்மா கதவு சாத்தினாலும் உடம்பு தூக்கிப் போடும். நாச்சம்மாளிடம் சொன்னேன். அவள் மாவுக் கையோடு மதில் ஓரம் வந்து நின்று கேட்டாள். முகம் வெளுத்துவிட்டது.

“ஏனுங் டீச்சரக்கா, அப்படி ஏதாச்சும்னா நாமெல்லாம் ஓடிருவமுங்க. இவரு என்ன பண்ணுவாரு?”

அவள்தான் கேட்டாள், நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்தத் தெருவில் என்னைவிடப் பயந்தவள் அவள். என் முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் குடியிருப்போர் சங்கம் கூடியது. இதோ இந்தக் கூடத்தில்தான். தலைவர் சுந்தரவடிவேலு, வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், நகரத் திட்ட வரைபடத்தைக் கொண்டுவந்து தரையில் விரித்தார். வரைபடம் என்றால் எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, நிறத்தைப் பார்த்தாலே போதும். முழுக்க வீடாக இருக்கிற பகுதி மஞ்சள். வீடும் சின்னச் சின்னத் தொழிலும் கலந்து இருக்கிற பகுதி ஆரஞ்சு. எங்கள் தெரு ஆரஞ்சாக இருந்தது. புதிதாக ஒரு விதி போட்டிருந்தார்கள். வளர்ந்துவரும் தொழில்நுட்பங்களுக்கான ஆராய்ச்சி நிலையம், பொருளை உற்பத்தி செய்து விற்காதவரை, ஆரஞ்சில் வரலாம். மஞ்சளில் வரக்கூடாது. அவ்வளவுதான் விஷயம். பையன் சட்டப்படிதான் வந்திருக்கிறான்.

“அந்தத் தம்பியத் திட்டி என்னுங்க பிரயோசனம்” என்றார் சுந்தரவடிவேலு. “மேப்புல நாமளே ஆரஞ்சாப் பழுத்து நிக்கறோம்.”

“யாராலைங்க பழுத்தோம்?” என்றார் ஒருவர்.

“கணக்கெடுக்க வந்தவன் என்ன பண்ணுவான்? தெருவுக்குள்ள நுழைஞ்சதும் ‘ஆறுச்சாமி இட்லி மாவு’ன்னு போர்டு. உள்ள மோட்டார் கடகடங்குது. தொழில்னு எழுதிக்கிட்டுப் போயிட்டான்.”

“அப்ப அந்தம்மாவக் காலி பண்ணச் சொல்லிரலாமுங்களா?”

“ஏன், நாளைக்குக் காலைல உங்க வீட்டுல தோசைக்கு நீங்க ஆட்டறீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. யாரையும் காலி பண்ணச் சொல்ல வேண்டாம் என்று சொன்னேன். நான்தான் சொன்னேன். இந்த வரைபடத்துக்கு ஆட்சேபணை தெரிவிக்க இன்னும் நாள் இருக்கிறது, தெருவை மஞ்சளாக மாற்றச் சொல்லி மனு கொடுக்கலாம், மனுவை நான் எழுதுகிறேன் என்றேன். எழுத்து ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. இளவயதில் கவிதை எழுதியிருக்கிறேன், அதை விடுங்கள்.

எத்தனையோ மனுக்கள் பார்த்திருப்பீர்கள், ‘மேற்படி, மேற்கண்ட, ஆகவே ஐயா அவர்கள்’ என்று. அப்படி எழுதவில்லை. படிக்கிறவர் கண்ணை மூடினால் தெரு தெரிய வேண்டும் என்று எழுதினேன். கடைசி வரி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. ‘எங்கள் தெருவில் வீடுகள் உண்டு, வீடுகளுக்குள் மனிதர்கள் உண்டு, வேறு எதுவும் இல்லை.’ சொல்லிப் பாருங்கள். மூன்று படி இறங்கி நிற்கிற மாதிரி இருக்கும். முதலில் ‘வேறு பெரிதாக எதுவும் இல்லை’ என்று எழுதியிருந்தேன். ‘பெரிதாக’ அந்த வரியின் காலைப் பிடித்து இழுத்தது. எடுத்துவிட்டேன்.

நாச்சம்மாளிடம் படித்துக் காட்டினேன். அவள் ஐந்தாவதோ ஆறாவதோ படித்தவள். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“கேக்க நல்லா இருக்குதுங்க. ஆனா நம்ம மாவு...”

“மனு மீது விசாரணை முடிகிற வரைக்கும் அந்தப் போர்டை எடுத்து உள்ளே வைத்துவிடு. யார் கேட்கப் போகிறார்கள்?”

“அது பரவால்லீங்களா?”

“நாச்சம்மா, பின்னாடி தீப்பிடித்தால் உன் கணவரை யார் தூக்குவது?”

அன்றே போர்டை எடுத்துவிட்டாள். மனுவில் கையெழுத்துப் போட்டாள். போட்டது மட்டுமா, வீடு வீடாகப் போய் மற்றவர்களிடம் கையெழுத்து வாங்கி வந்ததே அவள்தான். மாவு கொடுக்கப் போகிற வீடுகள்தானே எல்லாம். எல்லோருக்கும் அவள்மேல் பிரியம். “டீச்சரக்கா எழுதிருக்காங்க, கண்ணை மூடிட்டுப் போடுங்க” என்று சொல்லி வாங்கினாளாம்.

அந்த மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டுங்கள். சத்தம் போடும், ஆனால் காற்று வரும்.

விசாரணைக்குத் திட்ட அலுவலகத்துக்கு ஒரு வேன் பிடித்துப் போனோம். மாடியில் நீளமான அறை. அலுவலர் ஒரு பெண், இளவயது, மூக்குக் கண்ணாடி. கெட்டிக்காரி என்று பார்த்தவுடன் தெரிந்தது. எதிர்வரிசையில் நிவேதன், கையில் மடிக்கணினி, தனியாக. அவனுக்கு எங்களைப் பார்த்தால் பகை மாதிரி தெரியவில்லை. நாச்சம்மாளைப் பார்த்துச் சிரித்தான்கூட. அந்தக் காலி இடத்தில் அளவெடுக்க வரும் நாட்களில் அவன் ஆட்கள் அவளிடம்தான் மாவு வாங்கி அங்கேயே தோசை சுடுவார்கள். அதுதான் எனக்குப் பயம். அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் போச்சு.

என்னையே மனுவைப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். கடைசி வரியை நிறுத்தி நிதானமாகப் படித்தேன்.

அந்த அலுவலர் காகிதத்தை வாங்கி ஒருமுறை பார்த்தாள்.

“நல்லா எழுதியிருக்கீங்கம்மா. ஆனா எங்க சர்வேயில வேற மாதிரி இருக்கே. மோட்டார் வெச்சு எந்தத் தொழிலும் நடக்கலையா உங்க தெருவுல?”

“இல்லை.”

“நிச்சயமா?”

“வேறு எதுவும் இல்லை” என்றேன். மனுவில் இருந்ததைத்தானே சொன்னேன்.

அவள் என்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் திரும்பினாள். என் பக்கத்தில் நாச்சம்மாள் உட்கார்ந்திருந்தாள், நல்ல சேலை கட்டி, தலையில் பூ வைத்து. ஆனால் கைவிரல் இடுக்கில் வெள்ளை காய்ந்து கிடந்தது. அது எவ்வளவு கழுவினாலும் போகாது. முந்தானைக்குள் கையை இழுத்துக்கொண்டாள்.

“நீங்க என்ன பண்றீங்கம்மா?”

நாச்சம்மாள் எழுந்து நின்றாள். நிற்க வேண்டாம் என்று அந்தப் பெண் கையைக் காட்டினாள். இருந்தாலும் நின்றாள்.

“நானுங்களா? நான் வீட்டுல சும்மாதானுங்க இருக்கறேன்.”

எதிர்வரிசையில் நிவேதன் தலையைத் தூக்கினான். நாச்சம்மாளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான், கொஞ்சம் அதிக நேரம். சொல்லப்போகிறான், இதோ சொல்லப்போகிறான் என்று எனக்குக் காது அடைத்துவிட்டது. அவன் மடிக்கணினியை மூடிவிட்டு, “எனக்கு இதுல சொல்ல எதுவும் இல்லைங்க மேடம்” என்றான்.

ஏன் சொல்லவில்லை என்று அன்று எனக்குப் புரியவில்லை. அவனுக்கும் வேறு ஏதோ கணக்கு இருந்திருக்கும்.

ஆனால் நாச்சம்மாள் சொன்னாளே, அது எவ்வளவு அழகாக வந்தது என்று நினைக்கிறீர்கள். வீட்டில் சும்மா இருக்கிறேன். ஒரு நடுக்கம் இல்லை. திரும்பும்போது வேனில் எல்லோரும் அவளைக் கேலி செய்தார்கள். “சும்மா இருக்கறவளே, நாளைக்கு எனக்கு ரெண்டு கிலோ சும்மா குடு” என்றார் சுந்தரவடிவேலு. அவளும் சிரித்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

பங்குனியில் உத்தரவு வந்தது. தெரு மஞ்சள். பின்னால் இருந்த பலகையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அன்று நாச்சம்மாள் தெரு முழுவதற்கும் பணியாரம் சுட்டுக் கொடுத்தாள். அந்த வாரம்தான் நான் முதல் முறையாக நன்றாகத் தூங்கினேன்.

இங்கே நிறுத்தியிருக்கலாம், கதை இங்கே முடிந்திருந்தால். மோர் போதுமா உங்களுக்கு?

மஞ்சள் ஆக்கினால் அதோடு விடமாட்டார்கள் போலிருக்கிறது. வரைபடத்தில் சொன்னது நிஜத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஆட்கள் வந்தார்கள். அந்த மூக்குக் கண்ணாடிப் பெண் வரவில்லை, வேறு இருவர். அப்போது காலை நேரம். மஞ்சள் பகுதியில் அவ்வளவு பெரிய மோட்டார் கூடாது என்றார்கள். நாச்சம்மாளின் கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் அதை நிறுத்தக்கூட இல்லை, பாவம், தண்ணீர்க் கணக்கு எடுக்க வந்தவர்கள் என்று நினைத்திருக்கிறாள். “வாங்க, உக்காருங்க” என்று முக்காலியை இழுத்துப் போட்டாளாம்.

கொட்டகைக் கதவில் அரக்கு வைத்துச் சீல் போட்டுவிட்டுப் போனார்கள். ஊற வைத்திருந்த அரிசியும் உளுந்தும் உள்ளேயே. நாலைந்து நாளில் வாடை வர ஆரம்பித்தது. இந்தப் பக்கம் ஜன்னலை நான் மூடியே வைத்திருந்தேன்.

பிறகு ஒரு மத்தியானம் அவள் வந்தாள். வாசலோடு நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை.

“டீச்சரக்கா, ஒரு காயிதம் எழுதித் தரோணுமுங்க.”

“என்ன காகிதம்?”

“முந்தியிருந்தே நடந்துட்டு இருக்கற தொழிலுன்னா மஞ்சள்ளயும் விட்டுருவாங்களாமா. இவரு விழுந்ததுல இருந்து நான் ஆட்டறேன்னு அக்கம்பக்கத்துல எழுதிக் குடுத்தாப் போதுமாமுங்க. நீங்க எழுதுனா எல்லாரும் போட்டுருவாங்க.”

“இதெல்லாம் யார் உனக்குச் சொன்னது?”

அவள் தயங்கினாள். “அந்த பேட்டரித் தம்பிதானுங்க. மாவு வாங்க வந்தாரு. சீல் வெச்சிருக்கறதப் பாத்துட்டுச் சொன்னாரு.”

இப்போது உங்களுக்குப் புரிகிறதா? எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. அன்று விசாரணையில் சொல்லாமல் விட்டானே, இதற்குத்தான். எங்கள் வாயாலேயே, எங்கள் கையெழுத்தாலேயே, இந்தத் தெருவில் தொழில் உண்டு என்று எழுதி வாங்கிவிட்டால் போதும். மஞ்சள் போய்விடும். மறுபடி ஆரஞ்சு. மறுபடி பலகை. ஒன்றும் அறியாத ஒருத்தியை முன்னால் விட்டு அவன் காரியத்தை முடித்துக்கொள்ளப் பார்க்கிறான்.

அதை அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

“அவரு அப்படியாப்பட்டவரு இல்லீங். வேற எடம் பாத்தாச்சுன்னு சொன்னாருங்க.”

“சொல்வான். நாச்சம்மா, நாம் அரசாங்கத்தின் முன்னால் நின்று ஒன்று சொல்லியிருக்கிறோம். நீயும்தான் சொன்னாய். இப்போது அதையே மாற்றிச் சொன்னால் நமக்கு என்ன மதிப்பு?”

“மதிப்புங்களா” என்றாள்.

அப்போது அந்தப் பக்கத்திலிருந்து ஆறுச்சாமி கூப்பிட்டார். அவருக்குப் பேச்சு தெளிவாக வராது, ஒரு நீண்ட ஓசைதான். வழக்கமாக அந்த ஓசை கேட்டதும் அவள் ஓடுவாள். அன்று ஓடவில்லை. மறுபடி கூப்பிட்டார். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். போ, அவர் கூப்பிடுகிறார் என்று சொன்னேன். போகவில்லை.

நான் வழி யோசிக்காமல் இல்லை. கையால் ஆட்டலாமே என்று சொன்னேன். மோட்டார்தானே கூடாது, ஆட்டுக்கல்லுக்கு எந்த விதியும் தடை சொல்லாது. என் சமையல்கட்டில் ஒரு நல்ல ஆட்டுக்கல் சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள் என்றேன். கையால் ஆட்டிய மாவுக்கு இப்போது நல்ல விலை, ருசியும் வேறு. அவள் தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“பதினாறு ஓட்டலுக்குப் போடறனுங்க.”

“கொஞ்சம் குறைத்துக்கொள்.”

மூன்றாம் முறையும் அவர் கூப்பிட்டார். அழுகை மாதிரி இருந்தது அது. நாச்சம்மாள் ஒரு படி இறங்கினாள். பிறகு நின்று, திரும்பாமலே சொன்னாள். குரலில் கோபம் எல்லாம் இல்லை, சும்மா விலை சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

“நீங்க எழுதுன காயிதத்துல நான் இல்லீங்களே டீச்சரக்கா. இல்லாதவ எப்படிங்க மாவு ஆட்டறது?”

மனிதர்கள் உண்டு என்று எழுதியிருக்கிறேனே, அதில் நீயும்தானே அடக்கம் என்று விளக்க நினைத்தேன். அதற்குள் அவள் போய்விட்டாள். படித்தவர்கள் என்றால் நின்று கேட்பார்கள்.

சுந்தரவடிவேலுவும் வந்து சொல்லிப் பார்த்தார். “செண்பகவல்லி மேடம், ஒரு வரி எழுதிக் குடுத்தா என்னுங்க? அந்தப் பையன் எடம் பாத்தது நெசந்தான், நானே விசாரிச்சேன். ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட வாங்கீட்டாங்களாமா.” அவருக்கென்ன, அவர் தெருமுனையில் இருக்கிறார். சத்தம் கேட்டால் முதலில் எனக்குத்தானே கேட்கும். எழுதியதை எழுதியதாகவே விடுங்கள் என்று சொல்லிவிட்டேன். நான் எழுதவில்லை என்றதும் வேறு யாரும் எழுதவில்லை. அவர்களுக்கு எழுத வராமல் இல்லை. சரி, வேண்டாம்.

ஒரு மாதம் பார்த்தாள். பெரிய கிரைண்டரை வீட்டுக்குள் வைத்து ஓட்டக் கூடாதா என்று கேட்டாளாம், அதுவும் கூடாதாம். எங்கேயாவது வாடகைக்கு ஒரு கடை பிடித்து ஆட்டலாம், ஆனால் அவரை யாரிடம் விட்டுப் போவது? அதனால் வீடும் தொழிலும் ஒன்றாக இருக்க அனுமதி உள்ள இடமாகத் தேடினாள். ஆரஞ்சு இடமாக. இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் வருகிறதில் அங்கே வாடகை கட்டலாம். தெளிவாகத்தான் யோசித்திருக்கிறாள், அவளைக் குறை சொல்ல முடியாது.

போகிற அன்று ஆறுச்சாமியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நாற்காலியோடு தூக்கிச் சின்ன யானை சரக்கு வண்டியில் ஏற்றினார்கள். பக்கத்தில் கிரைண்டர்கள், ஒன்றன்மேல் ஒன்று சாக்குப் போட்டுக் கட்டி. காலி செய்கிறாள் என்றதும் கொட்டகைச் சீலை எடுத்துவிட்டிருந்தார்கள். அவருக்கு இந்தத் தெருவை விட்டுப் போகிறோம் என்பது புரிந்ததோ என்னவோ, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மதிலோரம் நின்றேன். அவள் வந்து சாவியை என் கையில் கொடுத்தாள்.

“ஆராச்சும் வந்தா வீட்டைக் காட்டீருங்க டீச்சரக்கா. நல்ல குடும்பமாப் பாத்து விடுங்க.”

என்மேல் கோபம் இருந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவாளா? நீங்களே சொல்லுங்கள். இதைத்தான் பின்னால் பேசுகிறவர்களிடம் நான் கேட்கிறேன். அவளுக்குத் தெரியும், நான் யாருக்கும் கெடுதல் நினைத்து எழுதவில்லை என்று.

இப்போது காலையில் தெரு எவ்வளவு அமைதியாக இருக்கிறது தெரியுமா. முன்பெல்லாம் விடிவதற்குள் அந்தக் கிரைண்டர்களின் ஓசை சுவர் வழியாக வந்துகொண்டே இருக்கும், காதை மூடினாலும் தலைக்குள் சுற்றும். இப்போது எதுவும் இல்லை. சில நாள் விழித்துக்கொண்டு அப்படியே படுத்திருப்பேன். ஏன் விழித்தேன் என்று தெரியாது. பழக்கம். மாவு இப்போது கடையில் பாக்கெட்டில் வாங்குகிறேன். புளிப்பு ஏறிவிடுகிறது.

உங்களுக்குக் குழந்தை இருக்கிறது என்றீர்களே, பயமில்லாமல் வரலாம். இந்தத் தெருவில் இனி எதுவும் வராது. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவரா உங்கள் கணவர்? கம்ப்யூட்டர்தானே, அதற்குத் தடையில்லை, கேட்டு வைத்திருக்கிறேன்.

சரி, எழுந்திருங்கள், வீட்டைப் பார்த்துவிடலாம். பிடித்திருந்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க நீங்கள்தான் அவளிடம் போக வேண்டும், அவள் அவரை விட்டுவிட்டு வர முடியாது. நான் இன்னும் போனதில்லை, கால் முடியவில்லை. வழி சொல்கிறேன். ரயில்வே கேட்டைத் தாண்டிப் பட்டறைக் காலனி. லேத் பட்டறையும் வீடுமாகக் கலந்து கிடக்கும், அங்கே எல்லாமே ஆரஞ்சுதான், யாரும் மனு எழுதவில்லை. உள்ளே போய் பேட்டரி ஆராய்ச்சி நிலையம் எங்கே என்று கேளுங்கள், யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள், அந்தப் பையன் நன்றாகத்தான் கட்டியிருக்கிறானாம். முன்வாசலுக்குப் போகாதீர்கள். சுற்றிக்கொண்டு பின்பக்கம் போங்கள். அந்த நிலையத்தின் பின்சுவரை ஒட்டி ஒரே ஒரு வீடு இருக்கிறது. நாச்சம்மாள் அதில்தான் இருக்கிறாள்.